சேதாரம் சேர்க்காத விடை

டைல்ஸ் பதிப்பவரின் முழங்கால்கள் தேய்ந்து போயிருந்தன. இனிமேல் மண்டியிடக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தரையில் மண்டியிடாமல் டைல்ஸ் பதிப்பது எப்படி? நல்ல வேளையாக, அவருடைய கம்பெனியில் மேற்பார்வையாளர் இடம் ஒன்று காலியானது. அதற்கு ஒரு கணக்குப் பரீட்சை உண்டு. சாயங்காலம் ஆனால் போதும், சமையலறை மேஜையில் அவரை உட்கார வைத்து மனைவி கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். பள்ளிக்கூடத்துக் கணக்கு இன்னும் மறக்கவில்லை.

"அறை பன்னெண்டடி நீளம், பத்தடி அகலம். பரப்பளவு எவ்வளவு?"

"நூத்தி முப்பத்திரண்டு."

"ஏங்க, பன்னெண்டு பத்து நூத்தி இருபது. மீதி எங்கிருந்து வந்துச்சு?"

"சேதாரம். டைல்ஸ் உடையும், ஓரத்துல வெட்டணும். பத்துல ஒரு பங்கு கூட வாங்கணும்ல."

"பரப்பளவுதான் கேட்டாங்க. வாங்கிட்டு வரச் சொல்லல."

அவருக்கு ஒன்றும் தெரியாமல் இல்லை. ஆனால் இத்தனை வருஷப் பழக்கம், கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் கை தானாகப் பத்தில் ஒரு பங்கைக் கூட்டிவிடும். தோட்டத்துக்கு வேலி போடச் சொன்னால் கம்பிக்கும் சேதாரம். தண்ணீர்த் தொட்டிக் கணக்கில் தண்ணீருக்கும் சேதாரம்.

அவள் வேறு கணக்குக்குத் தாவினாள். "அம்மா வயசு மகள் வயசைப் போல மூணு மடங்கு. பன்னெண்டு வருஷம் போனா ரெண்டு மடங்கு. மகளுக்கு இப்ப என்ன வயசு?"

"அப்பன் எங்க போனான்?"

"டைல்ஸ் ஒட்டப் போயிருக்கான். நீங்க கணக்கைப் போடுங்க."

சிரித்துக்கொண்டே மகள் வயதுக்கு எக்ஸ் என்று வைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி போட்டார். பன்னிரண்டு என்று சரியாக வந்தது. வயதுக்குச் சேதாரம் கிடையாது என்பதால் தப்பித்தார்.

கடைசியில் அவள் ஒரு வழி சொன்னாள். "இப்படி நினைச்சுக்கோங்க. கேள்வித்தாள்ல இருக்கிற வீடு கடவுள் கட்டின வீடு. அங்க எதுவும் உடையாது."

அது அவருக்குப் பிடித்துப்போனது. அன்று முதல் விடையில் சேதாரம் புகவில்லை.

பரீட்சை நாளன்று, கூடத்துக்கு வெளியே நடையில், கூட வேலை செய்யும் நெட்டையன் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். அவனும் அதே ஓர் இடத்துக்குத்தான் வந்திருந்தான்.

"அண்ணே, பரப்பளவு எல்லாம் சரியாத்தான் போடறேன். புத்தகத்து விடையோட ஒத்துப்போகவே மாட்டேங்குது. எப்பவும் கொஞ்சம் கூடுது."

மணி அடிக்கப் போகிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படி நிற்க அவரால் முடியவில்லை.

"சேதாரம் சேர்க்காதே. அங்க எதுவும் உடையாது," என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் மறைக்காமல் சொன்னார். அவள் அவருடைய முழங்காலைத்தான் பார்த்தாள்.

"அந்த நெட்டையனுக்குப் போய் ஏங்க சொன்னீங்க? உங்க காலுக்கு யாரு பதில் சொல்றது?"

"கேட்டான். சொன்னேன்."

அவள் வெடுக்கென்று எழுந்தாள். ஆனாலும் வழக்கம்போல் வெந்நீர்ப் பையை நிரப்பி அவர் காலடியில் வைத்துவிட்டுப் போனாள்.

இடம் நெட்டையனுக்குக் கிடைத்தது. ஒரே ஒரு கேள்வி வித்தியாசம். இரண்டு குழாய்கள் சேர்ந்து தொட்டியை நிரப்பும் கணக்கில் அவர் தடுமாறியிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் நெட்டையன் வாசலில் வந்து நின்றான். கதவைத் திறந்த அவள், உள்ளே வா என்று சொல்லவில்லை.

"அண்ணி, வெட்டற மெஷினுக்குத் தனியா ஒரு ஆள் போடலாம்னு முதலாளி ஒத்துக்கிட்டாரு. நான்தான் கேட்டேன். அண்ணன் அளந்து வெட்டிக் கொடுத்தா போதும், நாங்க ஒட்டிக்குவோம். சம்பளம் அதேதான், கூடல."

"முட்டி போடணுமா?"

"வேணாம் அண்ணி. முதுகு சாயற நாற்காலியா பார்த்து எடுத்துப் போட்டிருக்கேன்."

அவள் கதவிலிருந்து விலகி நின்றாள்.

"செருப்போடயே வா தம்பி, பரவாயில்ல. அவரு பின்னால இருக்காரு. நீயே சொல்லு, உன் வாயால கேக்கட்டும்."