அவன் தாங்க மாட்டான்

குட்டி ரயில் சங்கத்தில் லிஃப்ட்காரருக்கு 'சோப்பு' என்று பெயர். பாதி கேலியிலும் பாதி பயத்திலும் வைத்த பெயர் அது. ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்கு யார் இன்ஜினைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், பற்றவைப்பதற்கு முன்னால் இவர் ஒரு பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீர்க் கிண்ணமுமாக வந்து நின்றுவிடுவார். கேஸ் குழாயின் ஒவ்வொரு மூட்டிலும் தடவிப் பார்ப்பார். குமிழ் வந்தால் வண்டி அன்றைக்குப் பெட்டிக்குள் போக வேண்டியதுதான். அழுதாலும் சரி, ஆர்ப்பாட்டம் செய்தாலும் சரி.

பொம்மை ரயில் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. நீளம் ஒரு முழம்தான் என்றாலும் உள்ளே நடப்பதெல்லாம் நிஜம். கேஸ் எரிகிறது, பாய்லரில் தண்ணீர் கொதிக்கிறது, நீராவி சக்கரத்தைத் தள்ளுகிறது. "சின்னதா இருக்குறதால நெருப்பு நம்மளப் பாத்துப் பாவம்னு நினைக்காது" என்பார். தொழில் அப்படிப்பட்டது. மாடிக் கட்டடங்களின் லிஃப்ட்டுகளைப் பழுது பார்த்துப் பார்த்து, எதையும் இரண்டு தடவை பார்க்காமல் விடும் பழக்கமே அவருக்கு இல்லாமல் போயிற்று.

சங்கத்தின் இன்ஜின்களில் மூக்கிக்குத்தான் மவுசு அதிகம். முன்பக்கம் நீட்டிக்கொண்டு, பார்த்தாலே சிரிப்பு வரும் முகம். அதை லிஃப்ட்காரரும் அவர் மனைவியின் தம்பியும் சேர்ந்து செய்தார்கள். பாய்லரும் கேஸ் டேங்க்கும் இவருடைய கை. சக்கரம், சட்டம், பெயின்ட் எல்லாம் மைத்துனனுடையது. மைத்துனன் பேக்கரி வைத்திருந்தான். பேச்சில் கெட்டிக்காரன். அவன் கடையில் ஒரு பன் வாங்கப் போனவர்கள் ஒரு கேக்கோடு திரும்புவார்கள். மைத்துனன் என்றாலும் லிஃப்ட்காரருக்கு அவன் கூடப் பிறந்தவன் மாதிரிதான்.

சங்கத்தின் திருவிழா போன்ற நாள் ஒன்று வந்தது. பொதுமக்கள் எல்லாரும் வந்து பார்க்கும் நாள். அதற்கு முந்தின சாயங்காலம் வீட்டுக் கொட்டகையில் லிஃப்ட்காரர் மூக்கியைச் சோதித்தார். கேஸ் ஏற்றும் வால்வின் மேல் சோப்புத் தண்ணீர் பட்டதும் ஒரு குமிழ் மெல்ல ஊதி உடைந்தது. பின்னாலேயே இன்னொன்று.

"ரப்பர் வளையம் வெடிச்சுப் போச்சு" என்றார்.

பேக்கரிக்காரன் குனிந்து பார்த்தான். "இது ஒரு கசிவா அத்தான்? எறும்பு மூச்சு விடுற மாதிரி இருக்கு."

"கேஸ் காத்தை விடக் கனம்டா. மேல பறந்து போகாது. கீழ இறங்கி டேங்க் பெட்டிக்குள்ள குளம் கட்டி நிக்கும். ரெண்டு விரக்கடை தள்ளி பர்னர் எரியுது. எப்போ பிடிக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"நாளைக்கு வர்ற கூட்டமே மூக்கியப் பாக்கத்தான் வருது."

"வேற வண்டி ஓட்டு. புது வளையம் போடுற வரைக்கும் இதுல கேஸ் ஏத்தக் கூடாது."

டேங்க்கைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோய், மிச்சமிருந்த கேஸை வெளியேற்றினார். பிறகு வால்வின் கழுத்தில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டினார். லிஃப்ட் வேலையில் அப்படித்தான். ஆள் குழிக்குள் இறங்கியிருந்தால் மேலே சுவிட்சில் சிவப்பு நாடா தொங்கும். கட்டினவனைத் தவிர வேறு யாரும் அதை அவிழ்க்கக் கூடாது.

டீயோடு வாசலில் நின்ற மனைவி, "அவர் சொல்றதைக் கேளுடா, சும்மா வாதம் பண்ணாதே" என்று தம்பியை அதட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே டீயை வாங்கிக் குடித்தான். காலையில் எல்லா வண்டிகளையும் நானே ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றும் சொன்னான்.

மறுநாள் லிஃப்ட்காரர் பூங்காவுக்குக் கிளம்பும் நேரத்தில் போன் வந்தது. ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது, உள்ளே ஆட்கள். மனைவியை மட்டும் பூங்காவில் இறக்கிவிட்டு அந்தப் பக்கம் ஓடினார். வேலையை முடித்துத் திரும்பியபோது பூங்கா வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது.

நடந்தது இதுதான். பேக்கரிக்காரன் கேஸ் ஏற்றி ஓடவிட்ட மூக்கி தண்டவாளத்தில் பாதிச் சுற்று போகும்போதே டேங்க் பெட்டியிலிருந்து நெருப்பு கிளம்பியது. வேலியில் சாய்ந்து குழந்தைகள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேக்கரிக்காரன் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றான். சங்கத் தலைவி, ஓய்வு பெற்ற பூகோள டீச்சர், குறுக்கே பாய்ந்து நெருப்புக்குள் கையை விட்டு, கேஸ் போகும் திருகை மூடி அணைத்தார். குழந்தைகளுக்கு ஒன்றுமில்லை. டீச்சரின் வலது கை உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை வெந்துபோயிற்று.

மைத்துனனிடம் கோபப்படக்கூட லிஃப்ட்காரருக்கு அப்போது தோன்றவில்லை. ஆம்புலன்ஸில் கூடவே ஏறினார். டீச்சருக்கு வீட்டில் ஒரே ஒரு அண்ணன் மகள். அவள் வந்து சேரும்வரை ஆஸ்பத்திரி வராண்டாவில் டீச்சரின் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். 'பயல் தானாகவே எல்லார்கிட்டயும் ஒத்துக்குவான். அதுக்கப்புறம் தனியாக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேப்போம்' என்று நினைத்துக்கொண்டார்.

சில நாள் கழித்து, தகரக் கூரை போட்ட சங்க அறையில் கூட்டம் போட்டார்கள். பேக்கரிக்காரன் எழுந்தான். முகம் வாடியிருந்தது. குரல் தழுதழுத்தது.

"என் தப்புதான். நானும் ஒரு தடவை பாத்திருக்கணும். ஆனா அத்தான் முந்தின நாளே பாத்துட்டு சரின்னு சொல்லிட்டாரு. அவர் சரின்னு சொன்னதுக்கப்புறம் நம்மள்ல யாராவது சந்தேகப்பட்டிருக்கோமா?"

லிஃப்ட்காரருக்கு ஒரு கணம் புரியவில்லை. வேறு யாரையோ பற்றிப் பேசுகிறான் என்றே நினைத்தார். பின்வரிசையில் யாரோ, "சோப்பே வழுக்கிடுச்சேப்பா" என்றார்கள். அடக்கிய சிரிப்பு ஒன்று அறையைச் சுற்றி வந்தது.

"டேய், நான் ஓட்டாதேன்னுதானே சொன்னேன்? சிவப்பு நாடா கட்டி வெச்சேனே!"

"எந்த நாடா அத்தான்?"

அவன் கண்ணில் தண்ணீர் இருந்தது. அதுதான் கொடுமை. கேட்டவர்களுக்கு அவன்மேல் இரக்கம்தான் வந்திருக்கும்.

"இவளும் அங்கதான் இருந்தா. இவளைக் கேளுங்க" என்று மனைவியைக் காட்டினார்.

மூலையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவில்லை. "நான் டீ குடுக்கத்தான் போனேன். வால்வு கீல்வெல்லாம் எனக்கு என்ன தெரியும்?"

காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல இருந்தது. அதற்குப் பிறகு கூட்டத்தில் பேசியது எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. இனிமேல் சோதனை செய்யும் வேலையை வேறு இருவர் பார்த்துக்கொள்வார்கள் என்று முடிவானதைக்கூட வெளியே வந்த பிறகு யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார். "ஏன்?"

"உள்ள வாங்க."

"ஏன்னு கேட்டேன்."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "டீச்சர் வீட்ல போலீஸுக்குப் போயிட்டா அவன் கடை என்னாகும்? உங்களை யாரும் அப்படி இழுக்க மாட்டாங்க. எவ்வளவோ வருஷமா பாத்துப் பாத்துச் செஞ்சவரு, ஏதோ ஒரு தடவை தவறிடுச்சுன்னு விட்டுடுவாங்க. அவன் தாங்க மாட்டான். நீங்க தாங்கிப்பீங்க."

கடைசி வார்த்தையை ஒரு பாராட்டைப் போலச் சொன்னாள்.

"எப்போ பேசி வெச்சீங்க?"

அவள் நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளினாள்.

"உன்னைத்தான் கேக்குறேன்."

"அன்னிக்கு சாயங்காலமே வந்தான். இந்தக் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். நீங்க ஆஸ்பத்திரியில இருந்தீங்க."

தான் கைப்பையைக் கட்டிக்கொண்டு வராண்டாவில் நின்ற நேரத்தில், தன் வீட்டுக்குள், தன்னைப் பற்றி ஒரு ஏற்பாடு நடந்திருக்கிறது. அந்த எண்ணம் அவரை உட்கார வைத்துவிட்டது. அவசரத்தில் வாய் தவறியது என்றால் மன்னித்துவிடலாம். இவர்கள் உட்கார்ந்து யோசித்து, எவன் தலையில் வைத்தால் பாரம் நிற்கும் என்று அளந்து பார்த்து வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் டீச்சர் வீட்டுக்குப் போனார். டீச்சர் கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு சோபாவில் இருந்தார். லிஃப்ட்காரர் குமிழ் வந்ததிலிருந்து நாடா கட்டியதுவரை ஒன்றுவிடாமல் சொன்னார். டீச்சர் குறுக்கிடாமல் கேட்டார். முகத்தில் கோபம் தெரியவில்லை. பரிதாபம்தான் தெரிந்தது.

"உங்க மச்சான் நேத்தே வந்துட்டுப் போனாரு" என்றார் டீச்சர் மெதுவாக. "அத்தான் வருவாரு, நாடா அது இதுன்னு ஏதாவது சொல்லுவாரு, மனசு உடைஞ்சு போயிருக்காரு, கோவிச்சுக்காதீங்கன்னு கேட்டுக்கிட்டாரு. நான் கோவிச்சுக்கல. மனுஷன்னா தப்பு நடக்கத்தான் செய்யும். ஒத்துக்கிட்டா முடிஞ்சு போச்சு."

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். எதைச் சொன்னாலும் அது ஏற்கெனவே சொல்லி வைத்ததாகத்தான் இருக்கும் என்று புரிந்ததும் மூடிக்கொண்டார்.

"கை ரொம்ப வலிக்குதா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார்.

"ராத்திரியில கொஞ்சம்."

விடைபெற்றுக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு சங்கத்துக்கும் போகவில்லை, மைத்துனன் இருக்கும் தெருப்பக்கமும் போகவில்லை. வீட்டில் பேச்சு சாப்பாட்டோடு நின்றது. ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது பேக்கரி வழியாகத்தான் வரவேண்டியிருந்தது. கண்ணாடி அலமாரிமேல் மூக்கி நின்றது. கருகிய இடத்தில் புதுப் பெயின்ட் பளபளத்தது. பக்கத்திலேயே ஒரு கேஸ் டப்பா.

உள்ளே போனார்.

"வாங்க அத்தான்!" பேக்கரிக்காரன் ஒன்றுமே நடக்காதது போலக் கூப்பிட்டான். "இந்த ஞாயித்துக்கிழமை மறுபடி ஓட்டப் போறோம். வளையம் நானே மாத்திட்டேன்."

"எந்த வளையம்?"

"குழாய்க்குப் போடுற வாஷரை வெட்டிப் போட்டேன். கச்சிதமா உக்காந்துடுச்சு. இப்போ சோதனை பாக்குற ரெண்டு பேரும் சோப்புப் போட்டுப் பாத்தாங்க, ஒரு குமிழ் கிடையாது."

லிஃப்ட்காரர் மூக்கியை அலமாரியிலிருந்து இறக்கினார். "அது தண்ணிக்குப் போடுற ரப்பர்டா. கேஸ்ல ஊறினா கூழாயிடும். இன்னிக்குப் பிடிக்கும், நாலு தடவை ஓடினா விட்டுடும். மறுபடி யார் கைய விடுவாங்க நெருப்புல? நீயா?"

லிஃப்ட்காரர் தோள்பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். குழாயைக் கழற்றினார். டேங்க்கைப் பெட்டியிலிருந்து உருவித் தனியாக எடுத்தார்.

"அதை எடுத்தா வண்டி ஓடாதே அத்தான்."

"ஓடாது."

"நமக்குள்ள என்ன அத்தான்? நான் உங்களை அசிங்கப்படுத்தணும்னு செய்யல. எனக்கு வேற வழி தெரியல."

"எனக்கு முன்னாடி டீச்சர் வீட்டுக்குப் போனியே. அந்த வழி மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

அப்போது ஒரு அம்மாள் ரொட்டி கேட்டு வந்தாள். பேக்கரிக்காரனின் முகம் ஒரு நொடியில் மலர்ந்தது. "வாங்கம்மா, இப்பத்தான் அடுப்புலேர்ந்து எடுத்தது" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதுதான் லிஃப்ட்காரருக்கு அவன்மேல் மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச ஆசையும் விட்டுப்போயிற்று. டேங்க்கைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

கொட்டகைக்கு வந்து, டேங்க்கில் கேஸ் துளியும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, வாய்வரை தண்ணீர் நிரப்பினார். பிறகு அதன் நடுவே கைத்துரப்பணத்தால் துளை போட்டார். இனி அதில் எவனாலும் எதையும் ஏற்ற முடியாது. பித்தளைச் சுருள்கள் பலகையில் உதிர்ந்தன. அந்த டேங்க்கின் தகடுகளை ஒன்றாகச் சேர்த்து ஒட்டி, தட்டி, தேய்த்து, முடித்தபோது இருவருமாக ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் பார்த்துச் சிரித்தது நினைவுக்கு வந்தது. நிறுத்தாமல் இன்னொரு துளையும் போட்டார்.

வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"நான் டீச்சர்கிட்ட போய் உள்ளதைச் சொல்லிடட்டுமா?"

"உன் இஷ்டம்."

அந்த வாரமே அவள் போய்ச் சொன்னாள். டீச்சர் உடனே போன் செய்தார். நம்பாமல் விட்டதற்கு வருத்தப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வரவேண்டும், எல்லாருக்கும் முன்னால் தானே பேசுகிறேன் என்றார். லிஃப்ட்காரர் நன்றி சொன்னார். டாக்டர் என்ன சொன்னார் என்று விசாரித்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தபோது போகவில்லை.

மத்தியானம்வரை பொறுத்துப் பார்த்த மனைவி அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள். "எல்லாருக்கும்தான் தெரிஞ்சு போச்சே. என் தம்பி என்கூடப் பேசுறதையே விட்டுட்டான். இன்னும் என்னங்க?"

அவர் அவளைப் பார்த்தார். திட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. இவள் சொன்னது எது, சொல்லாமல் வைத்தது எது என்று இனி ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டியிருக்கும் என்றுதான் தோன்றியது. அந்த அலுப்பை இப்போதே உடம்பில் உணர்ந்தார்.

"நீ சொன்னது சரிதான்" என்றார். "நான் தாங்கிக்கிட்டேன்."

அவள் அழ ஆரம்பித்தாள். அவர் எழுந்து, சமையலறைக்குப் போய், தன் சாப்பாட்டைத் தானே போட்டுக்கொண்டார்.