கடல் உள்வாங்கிய மத்தியானம்

வவாவு தீவில் எங்கள் ஊர்க் கோயிலுக்கு மணி கிடையாது. சீமைப்பலா மரத்தில் தொங்கும் காலி கேஸ் சிலிண்டர்தான் மணி. இரும்புக் கம்பியால் நாலு தட்டு தட்டினால் போதும், ஊரே கோயிலுக்கு உடுத்தும் பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு, பாட்டுப் புத்தகத்தோடு வந்து நிற்கும். நான் கலேசிதா, பாடகர் குழுவின் தலைவி. ஆண்டவரைப் பாடுகிறேன் என்று பேர், ஊர் என்னைப் பார்க்க வேண்டும் என்றுதான் பாடினேன். எவ்வளவு புகழ்ந்தாலும் எனக்குப் பற்றாது. வீட்டுக்குப் போனதும் மனசு வெறிச்சென்று கிடக்கும்.

அன்று மத்தியானம் கோயில் பாய்களை வெயிலில் உதறிக்கொண்டிருந்தேன். தரை ஆடத் தொடங்கியது. ஆட்டம் நிற்கவே மாட்டேன் என்றது. ஒருவழியாக நின்றபோது கடலைப் பார்த்தேன். தண்ணீர் பின்வாங்கி, பவளப்பாறைகள் அம்மணமாகத் தெரிந்தன. பெரிய அலை வரப்போகிறது. ஓடிப்போய் சிலிண்டரை அடி அடியென்று அடித்தேன்.

அங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது. அந்தச் சத்தத்துக்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். மேட்டுக்கு ஓட வேண்டிய சனம் பாய் கட்டிக்கொண்டு கடலோரக் கோயிலுக்கே வந்துவிட்டது.

"யாரு செத்துப் போயிட்டாங்க?" கொண்டையைச் செருகிக்கொண்டே கேட்டாள் பக்கத்து வீட்டு ஓனீதா.

"நாமதான்டி போகப்போறோம். கடலைப் பாரு. மேட்டுக்கு ஓடு."

பார்த்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நானும் ஓடத் திரும்பினேன். மரத்தடியில் சக்கர நாற்காலியில் லிசியாதே அண்ணன் இருந்தார். தென்னையிலிருந்து விழுந்து கால் போனவர். அவர் பாடினால் பன்றிகூட வேலி தாண்டும் என்று நான் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன்.

"கூப்பிட்ட, வந்துட்டேன்," என்றார். "நீ போ கலே. இந்த வண்டி மேடு ஏறாது."

போய்விடலாம் என்றுதான் தோன்றியது. பொய் சொல்ல மாட்டேன், வேலி வாசல்வரை போனேன். நான் அடித்த சத்தத்துக்கு வந்த மனுஷன். திரும்பி வந்து முதுகைக் காட்டிக் குனிந்தேன்.

"கழுத்தைப் பிடிங்கண்ணே. நெரிச்சிடாதீங்க."

மெலிந்த உடம்புதான், ஆனாலும் பாதி மேட்டிலேயே நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. பின்னால் மரங்கள் முறியும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

"உங்களுக்குப் பயமா இல்லையாண்ணே?"

"இல்லாம? பயமாத்தான் இருக்கு. ஆனா ஆண்டவர் இருக்கார் கலே. நான் விழுந்து கெடந்தப்பவும் இருந்தார்."

தண்ணீர் முழங்காலைத் தொட்டது, இடுப்புக்கு ஏறியது. ஒரு வேலிக்கால் கைக்குக் கிடைத்தது, கட்டிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த அத்தனை பாட்டிலும் ஒரு வரிகூட வாயில் வரவில்லை.

"ஆண்டவரே, இருக்கீரா?" என்று மட்டும் கேட்டேன். யாரும் பார்க்கவில்லை, தண்ணீர் இரைச்சலில் அண்ணனுக்குக்கூடக் கேட்டிருக்காது. முதல்முதலாக அவரிடமே பேசினேன்.

இருந்தார். எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முதுகில் அண்ணனின் கனம் தெரிந்ததுபோலத் தெரிந்தது. பயம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் இத்தனை வருஷம் உள்ளுக்குள் பற்றாது, பற்றாது என்று நச்சரித்தது அடங்கிப்போனது.

தண்ணீர் இறங்கியது. கீழே கோயில் இருந்த இடத்தில் கோயில் இல்லை. மேட்டுக்கு மேலிருந்து ஓனீதாவின் அழுகை கேட்டது.

"கீழ போயிடாத கலே," அண்ணன் என் தோளை இறுக்கினார். "இன்னொரு அலை வரும்."

"போகலண்ணே. எனக்கு அங்க எடுக்க ஒண்ணுமில்ல."

அவரை ஏற்றிப் பிடித்துக்கொண்டு மறுபடி மேடேறினேன்.