பிறந்த வீட்டுப் பல்

"இன்னாடி இது?"

மகனின் சட்டையைத் துவைக்க எடுத்த குஞ்சம்மாள், பையிலிருந்த ரசீதை உருவி மருமகளின் மூக்குக்கு நேரே ஆட்டினாள். பதில் சொல்ல தேவிப்ரியாவுக்கு வாய் வேண்டுமே! இடது கன்னம் விடிந்ததிலிருந்து பன் மாதிரி உப்பியிருந்தது. வாயைத் திறந்தால் காது வரைக்கும் தெறித்தது. எதிர்த்துப் பேசாத மருமகள் வேண்டுமென்று குஞ்சம்மாள் எந்தச் சாமியிடம் வேண்டிக்கொண்டாளோ, அந்தச் சாமி அன்றைக்குக் கண் திறந்துவிட்டது.

"மூவாயிரத்து ஐநூறு! ஒரே ஒரு பல்லுக்கா?"

"வேர் வைத்தியம்மா. பல்லப் புடுங்காம உள்ள சுத்தம் பண்ணியிருக்காங்க" என்றான் வெங்கடேசன். டிராக்டர் சாவியைத் தேடுகிற சாக்கில் அவன் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் இருந்தான்.

"நீ ஏன்டா கட்டின? அந்தப் பல்லு இன்னா நம்ப வூட்லயா மொளச்சது? அவங்கப்பன் வூட்ல மொளச்சது. அவங்கப்பன்தான் பாக்கணும்."

வேடிக்கைக்குச் சொன்னதல்ல. வடக்கனந்தலில் அந்தத் தெருவுக்கு அதுதான் சட்டம். மருமகள் சமைப்பது புகுந்த வீட்டுக்கு, அவளுக்குக் காய்ச்சல் வந்தால் ஊசி பிறந்த வீட்டுச் செலவு. கல்யாணமான இரண்டு வருஷத்தில் மணலூர்பேட்டையிலிருந்து அவளுடைய அப்பா ராஜாங்கம் ஒரு டைபாய்டுக்கும் ஒரு மூக்குக் கண்ணாடிக்கும் பணம் அழுதிருந்தார். குத்தகைக்குக் கரும்பு போடுகிற மனுஷன்.

பல் உடைந்த கதையை மட்டும் அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. புரட்டாசி சனிக்கிழமை படையல் சோற்றில் கிடந்த கல்லைக் கடித்து உடைந்தது அது. அரிசி களைந்து போட்டவள் குஞ்சம்மாள். கடக்கென்று கேட்ட சத்தம் எல்லார் காதிலும் விழுந்தது. "வடைக்கு உப்பு கம்மியோ?" என்று பேச்சை மாற்றியவளும் அவள்தான்.

வெங்கடேசன் அம்மாவுக்குத் தெரியாமல் கள்ளக்குறிச்சி பல் டாக்டருக்குப் போன் போட்டு மனைவியிடம் கொடுத்தான். அவள் வாயின் வலது ஓரத்தால் பேசினாள்.

"மாத்திர அஞ்சு நாளும் போட்டீங்களா?" என்று கேட்டாள் டாக்டர் அபிநயா.

"ரெண்டு நாள்தாங்க. வலி நின்னப்புறம் போட்டா சூடுன்னு அத்த எடுத்து வச்சிட்டாங்க."

"அதான் வீக்கம். இன்னிக்கே வாங்க, அதுக்குத் தனியா காசு வேணாம். ஆனா ஒரு மாசத்துக்குள்ள பல்லு மேல மூடி மாதிரி கேப் போட்டாவணும். அது நாலாயிரத்து ஐநூறு. அன்னிக்கே எழுதிக் குடுத்தேனே."

ரசீதின் அடியில் அது இருக்கத்தான் இருந்தது. மூவாயிரத்து ஐநூறோடு எல்லாம் முடிந்தது என்று புருஷனும் பெண்டாட்டியும் நம்பிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"போடலன்னா இன்னா ஆவும்?"

"வேர் வைத்தியம் பண்ண பல்லு காஞ்ச குச்சி மாதிரிம்மா. கடிச்சா பிளந்துடும். அப்புறம் புடுங்கத்தான் வேணும்."

தேவிப்ரியாவுக்கு இருபத்து நாலு வயது. கடைவாய்ப் பல்லைப் பறிகொடுக்கிற வயதா அது?

வீக்கம் வடிந்த மறுநாள் குஞ்சம்மாள் கேப் விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரே வார்த்தையில் முடித்தாள். "உங்கப்பனுக்குப் போன் போடு."

போட்டாள். ராஜாங்கம், "அதுக்கின்னாம்மா, குடுத்துட்டாப் போச்சி" என்றார். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு பக்கத்தில் யாரிடமோ தணிந்த குரலில் கடன் கேட்டார். பொத்தியும் கேட்டது. அந்தக் குரலைக் கேட்க அவளுக்கு முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"வேணாம்பா. வேற வழி இருக்குது" என்று வைத்துவிட்டாள்.

அந்த வேற வழி, கொட்டகையில் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. கல்யாணச் சீராக மணலூர்பேட்டையிலிருந்து வந்த சிவப்புக் கறவை மாடு. சாணி அள்ளுவதும் கறப்பதும் தேவிப்ரியா. பதினைந்து நாளைக்கு ஒரு தரம் பால் சொசைட்டியில் பணம் வாங்குவது குஞ்சம்மாள்.

மறுநாள் காலை பால் கேனோடு போனவள் சொசைட்டிக்கார அம்மாசியிடம், "அண்ணே, இனிமே எம் பேர்ல ஊத்திக்கறேன். தனிக் கார்டு போடுங்க" என்றாள். அவர் ஒரு பார்வை பார்த்தார். போட்டுக் கொடுத்தார். அவள் கேனைக் கழுவி எடுத்துக்கொண்டு வீடு வருவதற்குள் சேதி முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

"எவ்ளோ தைரியம்டி உனக்கு? எங்கூட்டுத் தீனியத் தின்னுக்கினு நிக்கிற மாடுடி அது!"

"தீனிக்கு உள்ளத நான் குடுத்துடறேன் அத்த" என்றாள் தேவிப்ரியா. குரல் உயரவில்லை. "நீங்க சொன்ன நாயந்தான். பல்லு எங்கப்பா வூட்லருந்து வந்தது, செலவு அவுங்களுது. மாடும் அங்கருந்துதான் வந்தது. அப்ப பாலு யாருது? இதுல கல்லு ஒண்ணுதான் இந்த வூட்டுது."

வெங்கடேசன் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. குஞ்சம்மாள் முறத்தை எடுத்துக்கொண்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள். அன்றைக்கு இரண்டு தரம் புடைத்தாள்.

பதினைந்து நாளும் இடது பக்கம் மெல்லாமல் கழித்து, பால் பணம் கைக்கு வந்ததும் தேவிப்ரியா பஸ் ஏறினாள். "காசு எங்க போவுதுன்னு நானும் பாக்கறேன்" என்று குஞ்சம்மாளும் ஏறினாள்.

கேப் கச்சிதமாக உட்கார்ந்தது. டாக்டர் பெரியவளைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்களும் ஒக்காருங்கம்மா. சும்மா பாக்கறேன், காசு இல்ல."

காசு இல்லை என்றதும் குஞ்சம்மாள் உட்கார்ந்தாள். வலது பக்கம் கீழே மூன்று கடைவாய்ப் பல்லைக் காணோம்.

"இது எப்ப போச்சி?"

"மொத பல்லு கல்யாணமான மறுவருசம். அடைக்கறதுன்னா நூறு ரூவா, புடுங்கறதுன்னா முப்பது. எம் மாமியா, அப்பன் வூட்ல வாங்கிக்கினு வான்னா. எங்கப்பனுக்கு அந்த வருசம் வெள்ளாம இல்ல." யாருடைய கதையையோ சொல்வதுபோல் சொன்னாள். "புடுங்கிட்டாங்க. மத்ததும் அப்படித்தான்."

"மூணும் கட்டிடலாம்மா. கழட்டி மாட்றதுன்னா ரெண்டாயிரம் ஆவும்."

"எங்கப்பன் செத்தே பதினெட்டு வருசம் ஆவுது. யாரப் போயி கேக்கறது?" குஞ்சம்மாள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு சரியாக வரவில்லை.

தேவிப்ரியாவுக்கு அவள்மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே பாதி போய்விட்டது.

"மாடு இன்னும் ஆறு மாசம் கறக்கும் அத்த."

குஞ்சம்மாள் நாற்காலியிலிருந்து இறங்கவில்லை.

"நானும் மாட்டோடதாண்டி வந்தேன்" என்றாள்.