சிப்பாய் சொல்ல மறுத்த வசனம்

1

இந்தக் கதை ஒரு திணறலிலிருந்து பிறந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு மழை மதியம், தொலைக்காட்சியில் போர்க்காலத்துப் பாட்டுப் படம் ஓடியது. விடுப்பில் வந்த சிப்பாய்களுக்கு நடிகைகள் காபி ஊற்றினார்கள், கூட ஆடினார்கள். நடுவில் ஒரு சிப்பாய்க்கு ஒரே ஒரு வசனம். அதைச் சொல்லுமுன் அவன் திணறினான். நடிகன் அப்படித் திணறமாட்டான். நிஜச் சிப்பாயோ என்று தோன்றியது. மீதியெல்லாம் என் கற்பனை. (படத்தின் பெயரைக் கேட்காதீர்கள். பாட்டுகளும் சுமார்தான்.)

2

முதலில் எழுதியது: ‘1944. உலகமே தீப்பற்றி எரிந்தபோது, ஹாலிவுட்டில் ஒரு—’

வேண்டாம். வெர்னாவுக்குக் கால் வலித்தது. அங்கிருந்து தொடங்கலாம்.

வெர்னா படப் பாட்டுகளில் கூட்டத்தோடு ஆடும் பெண். பகலில் ஸ்டுடியோவில், சிப்பாய் வேடக்காரர்களோடு ஆடுவாள். மாலையில், விடுப்பில் வருபவர்களுக்கான கேன்டீனில், நிஜச் சிப்பாய்களோடு, கூலியில்லாமல். இந்தப் படத்தில்தான் முதன்முதலாக அவளுக்கு வசனம். “திரும்பி வருவாயா?” என்று அவள் கேட்கவேண்டும். “கட்டாயம் வருவேன்” என்று சிப்பாய் சொல்லவேண்டும். விளம்பரத்துக்காக நிஜச் சிப்பாயையே கூட்டிவந்திருந்தார்கள். பெயர் எல்டன் ஹாஸ்கின்ஸ். பிரெஸ்னோ பக்கம் திராட்சைத் தோட்டத்துப் பிள்ளை. விடுப்பு முடிந்ததும் பசிபிக் போர்முனைக்குக் கப்பலேற வேண்டியவன்.

ஆடினான். அவள் காலை மிதித்தான். வசனம் வந்ததும் வாயை மூடிக்கொண்டான்.

3

“என்னய்யா, பூனை நாக்கைத் தூக்கிட்டுப் போயிடுச்சா?”

இல்லை, இது வெர்னா பேசுவதுபோல் இல்லை. மறுபடி.

“என்னய்யா, வாய்ல கொழுக்கட்டையா?” என்றாள் வெர்னா.*

“வேற ஏதாவது சொல்றேங்க. ‘பார்க்கலாம்’னு சொல்லட்டுமா?”

“பார்க்கலாமா? காய்கறிக்காரன்கிட்ட சொல்ற பதிலா அது?”

“எங்க ஊர்ல இதைச் சொல்லிட்டுப் போனவன் எவனும் வரலைங்க. வாய்விட்டுச் சொன்னா பலிக்காது.”

டைரக்டர் கத்தினார்: “இன்னொரு தடவை மரம் மாதிரி நின்னா, ரெண்டு பேரையும் மாத்திடுவேன்!”

வெர்னா அவன் காலரைச் சரிசெய்வதுபோல் நெருங்கினாள். “இங்க எது நிஜம்? இந்தச் சுவரே அட்டை, தட்டிப் பாரு. காபி வெறும் சாயத்தண்ணி. இதுல நீ சொல்றது மட்டும் பலிக்கவா போகுது, பலிக்காம இருக்கவா போகுது? சொல்லிட்டுப் போயேன். எனக்காக.”

அவன் சுவரைத் தட்டிப் பார்த்தான். சிரித்தான். அடுத்த முறை, திணறி, சொல்லிவிட்டான்.

(‘எனக்காக’ என்றாளே, அது கொஞ்சலா, பிழைப்பா? பலமுறை அடித்து எழுதினேன். அவளுக்கே தெரியாது என்று விட்டுவிட்டேன்.)

* அந்த ஊரில் கொழுக்கட்டை ஏது என்பீர்கள். அவள் சொன்னது வேறு. எனக்குக் கேட்டது இது.

4

நவம்பரில், பிலிப்பைன்ஸில், எல்டன் ‘சேற்றில் முகம் புதைய—’

நான் அங்கே இல்லை. இறந்தான். அவ்வளவுதான் எழுதமுடியும்.

கிறிஸ்துமஸுக்குப் படம் வெளியானது. திரையரங்கு வாசல்களில் சிரித்தபடி போர்ச் செலவுக்கான கடன் பத்திரம் விற்க வெர்னாவை ஊர் ஊராக அனுப்பினார்கள். பிரெஸ்னோவில் மதியக் காட்சி முடிந்து கூட்டம் கலைந்தது. நடுவரிசையில் ஒரு பெண்மணி மட்டும் எழுந்திருக்கவில்லை.

“எல்டனோட அம்மா,” என்றார் மேனேஜர். “பையன் போரில போயிட்டான். காலையிலேருந்து இப்படியே உட்கார்ந்திருக்காங்க. நீங்க சொன்னா எழுந்திருப்பாங்களோ என்னவோ.”

போயிட்டான் என்பது வெர்னாவுக்கு அப்போதுதான் தெரியும். அவள் சிரிப்பு முகத்திலேயே மாட்டிக்கொண்டது. அதை எப்படிக் கழற்றுவதென்று தெரியாமலே உள்ளே போனாள்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். “நீதானே அது?”

“ஆமாங்க.”

“ரயிலடியில எவ்வளவோ கேட்டேன். ‘வந்துடுவேன்னு ஒரு வார்த்தை சொல்லுடா’ன்னு. ‘விடும்மா’ன்னுட்டான். பெத்தவகிட்ட சொல்லாததை, உங்கிட்ட மட்டும் எப்படிம்மா சொன்னான்?”

5

வெர்னா உண்மையைச் சொல்வதாக ஒரு முடிவு எழுதினேன். அந்த அம்மாவிடம் மிஞ்சியிருந்த ஒரே வாக்கும் அட்டையாகிப்போனது. கிழித்தேன். “உங்களை நினைச்சுக்கிட்டுத்தாங்க சொன்னாரு” என்று பொய் சொல்லவைத்தேன். அம்மா நன்றி சொல்லிவிட்டு, அடுத்த காட்சிக்கும் அங்கேயே உட்கார்ந்துகொண்டாள், மறுநாளும் வந்தாள். அதையும்—

வெர்னா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா அவள் வாயையே பார்க்கிறாள். எடுத்துக்கொடுக்க என்னிடம் வார்த்தை இல்லை. உங்களிடம் இருந்தால் சீக்கிரம் சொல்லுங்கள். மாலைக் காட்சிக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.