ஆபீஸ் வராந்தாவில் ஒரு தூளி

மலாயாவின் பத்து காவான் தோட்டத்தில் பால் வெட்டப் போகும் பெண்கள், கைக்குழந்தைகளை ரப்பர் மரத்தடியில் தூளி கட்டிக் கிடத்துவார்கள். 1919இல் ஒரு காலை, சவரியம்மாளின் மகளைக் கட்டெறும்புகள் மொய்த்துவிட்டன. வீங்கிய முகத்தோடு அலறிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் நேரே துரையின் ஆபீசுக்குப் போய், வராந்தா உத்தரத்தில் தூளியைக் கட்டினாள்.

"என்னம்மா இது? வேலைக்குப் போ!" என்று உள்ளே கணக்கெழுதிக்கொண்டிருந்த கிராணி கத்தினார்.

"போறேங்க. பிள்ளைங்களுக்கு ஒரு கொட்டகை, பாத்துக்க ஒரு ஆயா. அது வர்ற வரைக்கும் இவ இங்கதான் தூங்குவா."

சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். மறுநாளும் அங்கேயே கட்டினாள். மூன்றாம் நாள் வேறு இரு பெண்களும் தங்கள் தூளிகளோடு வந்தார்கள். வாரக் கடைசியில் ஒன்பது தூளிகள். அழுகைச் சத்தத்தில் துரையால் ஒரு கடிதம்கூட எழுத முடியவில்லை. அடுத்த மாதமே ஆயாக் கொட்டகை எழும்பியது.

பதினெட்டு வருஷம் கழித்து, பினாங்கு ஜார்ஜ் டவுன் மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்த சவரியம்மாளை, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நிறுத்தினாள்.

"நீங்கதான் சவரியம்மாள்னு உள்ள சொன்னாங்க. நான் பத்து காவான் தோட்டத்து லயத்துப் பொண்ணும்மா. அந்தக் கொட்டகையிலதான் வளர்ந்தேன். இப்ப இவனும் அங்கதான் லா. உங்களுக்கு நன்றி சொல்லணும்னு ரொம்ப நாளா ஆசை."

தூளி கட்டிய அன்று சவரியம்மாள் தன் மகளைத் தவிர வேறு யாரையும் நினைக்கவில்லை.

"மூணாம் நாள் இன்னும் ரெண்டு பேரு தூளியோட வரலைன்னா என்னைத் துரத்தியிருப்பாங்க, கண்ணு. வா, அவங்களுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்துவோம்."

இருவரும் கோயிலுக்குள் திரும்பி நடந்தார்கள்.