அவன் ஏன் நிமிர்ந்து பார்க்கவில்லை

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகர நூலகத்தின் மாடியில் செவ்வாய் மதியங்களில் நடக்கும் வாசிப்பு வகுப்புக்கு எனிட் இரண்டு வருடமாகப் போகிறாள். அவள் கணவன் வில்ஃப், ஓய்வு பெற்றபின் வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் கூடவே வருகிறான். ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை.

அன்று எடுத்துக்கொண்டது விக்டோரியா காலத்துக் குடும்ப நாவல் ஒன்றின் பதினேழாம் அத்தியாயம். இறந்தே பிறந்த குழந்தையின் சின்னப் பெட்டியைக் கையில் ஏந்தித் தகப்பன் தோட்டத்தைக் கடக்கிறான். அக்காலத்தில் வசதியான வீட்டுப் பெண்கள் அடக்கத்துக்குப் போவதில்லை. தாய் மாடி ஜன்னலில் நிற்கிறாள். அவன் ஒருதடவைகூட நிமிர்ந்து பார்ப்பதில்லை.

"ஏன் பார்க்கலை?" என்று கேட்டாள் வகுப்பு நடத்தும் பெவர்லி.

"கல்நெஞ்சு, வேறென்ன?" என்றார் டக்ளஸ், பழைய பஸ் கண்டக்டர். "திரும்பி வந்ததும் வாத்துக்கறி கேக்குறானே, அடுத்த பக்கத்துலயே."

எல்லோரும் சிரித்தார்கள். எனிட்டும் சிரித்தாள். தன் பிரதியின் ஓரத்தில் 'கோழை' என்று பென்சிலால் எழுதியிருந்தாள். அந்தத் தாய்க்கு ஒரு ஜன்னலாவது இருந்தது. இருபத்தாறு வருடங்களுக்கு முன் ஆஸ்பத்திரியில் எனிட்டின் மகளைத் துண்டில் சுற்றி எடுத்துப்போனார்கள். எங்கே என்று கேட்டதற்கு, அடுத்த வருஷம் இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம் என்றாள் நர்ஸ். இன்னொன்று பிறக்கவில்லை. வில்ஃப் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. மறந்துவிட்டான் என்றே அவள் நினைத்திருந்தாள். அந்த நினைப்போடுதான் தினமும் அவனுக்குத் தேநீர் ஊற்றினாள்.

"நிமிர்ந்து பாத்தா, திரும்பிவந்து அவ கையில குடுத்துடுவான்," என்றான் வில்ஃப்.

"அட, இவருக்குப் பேசவும் வருமா?" என்றார் டக்ளஸ்.

வில்ஃப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "பெட்டி கனமே இல்லைன்னு போட்டிருக்கு. அது தப்பு. கனக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. பெவர்லி பக்கத்தைத் திருப்பினாள். எனிட் திருப்பவில்லை.

வெளியே பேருந்து நிறுத்தத்தில் தூறிக்கொண்டிருந்தது.

"நீதான் தூக்கிட்டுப் போனியா?"

"ம்."

"எங்கே?"

"மேட்டுக் கல்லறைத் தோட்டத்துல, வடக்குச் சுவரோரம். நம்ம பேர் எதுவும் இருக்காது. அன்னிக்கு அடக்கம் பண்ணின ஒரு வயசான அம்மா கூட, அவங்க குழியிலயே வெச்சாங்க. அப்போ அப்படித்தான் செய்வாங்க. உன்கிட்ட மூச்சுவிடக் கூடாதுன்னார் டாக்டர். சொல்லாட்டி நீ சீக்கிரம் மறந்துடுவியாம். அவர் படிச்சவர்னு நம்பினேன்."

அவனை அடிக்க வேண்டும்போல இருந்தது அவளுக்கு. அந்தக் கைகளைப் பிடித்துப் பார்க்க வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"யாரு அந்த அம்மா?"

"ஹெஸ்டர் க்ராபாம். நூல் ஆலையில வேலை பாத்தவங்க."

"நல்லவங்களா?"

"விசாரிச்சேன். ஏழு பெத்து, ஏழையும் வளத்தவங்களாம்."

பேருந்து வந்து நின்று, ஆளேற்றிக்கொண்டு போயிற்று. இருவரும் ஏறவில்லை.

"ஊரெல்லாம் போய் விசாரிச்சிருக்கே, வில்ஃப்," என்றாள் எனிட். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை."

"இல்லை," என்றான் அவன்.

அவள் சாலையைக் கடந்து, மேட்டுப் பக்கம் போகும் பேருந்துக்காக எதிர்ப்புறத்தில் போய் நின்றாள். அவனைக் கூப்பிடவில்லை. சற்றுப் பொறுத்து அவனும் வந்து, இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.