இடது பக்கம் பார்த்து உட்கார்ந்தவள்

எட்டுப் போடத் தெரிந்தவர்களுக்கெல்லாம் வண்டி ஓட்டத் தெரியும் என்பதை நான் நம்புவதில்லை. மார்ட்டின் நம்புகிறான். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன் நம்பித்தான் ஆக வேண்டும். "அக்கா காலே ஊனாம எட்டுப் போடுறாங்கண்ணே. வியாழக்கிழமை டெஸ்ட்டுக்கு வரச் சொல்லுங்க" என்றான். அக்கா என்றது என் பெண்டாட்டி பவுனம்மாளை. வயது ஐம்பத்தெட்டு.

மைதானத்தில் எட்டுப் போடும்போது பஸ் வராது. அண்ணா சிலை ரவுண்டானாவில் வரும்.

நாங்கள் வாழை இலை போடுகிறவர்கள். காந்தி மார்க்கெட்டில் கட்டு எடுத்து ஸ்ரீரங்கத்தில் நாலு மெஸ்ஸுக்குக் காலை ஏழு மணிக்குள் இறக்க வேண்டும். இலைக்கட்டைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டான். முப்பத்து மூன்று வருஷமாக மொபெட்டில்தான். கட்டு முன்னால், நான் நடுவில், அவள் பின்னால். பங்குனியில் கண் டாக்டர், இடது கண்ணில் முக்கால்வாசி பார்வை போய்விட்டது, இனி வண்டியைத் தொடாதே என்றார். நம்பாமல் இன்னொரு டாக்டரிடம் போனேன். அவரும் அதையே சொன்னார். ரெண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள் என்றேன்.

"ஆமாங்க, உங்க கண்ணைப் பிடுங்கித்தான் ரெண்டு பேரும் மாடி வீடு கட்டப் போறாங்க" என்றாள் பவுனு. அந்த வாரமே எல்.எல்.ஆர். எடுத்துவிட்டாள். அவள் ஓட்டாவிட்டால் இலை வியாபாரம் நின்றுபோகும். அவள் பழகும் வரை ஆட்டோவில் அனுப்பியதில் லாபமெல்லாம் வாடகைக்கே போனது. வேறு வழி கிடையாது.

டெஸ்ட்டுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை முகூர்த்த நாள். எல் போர்டு ஒட்டி, ரெண்டு கட்டு ஏற்றி, அவள் ஓட்ட நான் பின்னால் உட்கார்ந்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டு தாண்டி ரவுண்டானா வரைக்கும் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அங்கே போனதும் வேகத்தைக் கூடக் குறைக்காமல் நேரே உள்ளே விட்டாள். காவிரிப் பாலத்திலிருந்து இறங்கி கரூர் ரோட்டுக்குத் திரும்பிய டவுன் பஸ் வலது பக்கம் வந்து நின்றது. நின்றது என்றால், என் முழங்காலுக்கும் அதற்கும் நடுவே ஒரு முழம்.

டிரைவர் தலையை வெளியே நீட்டினான். "ஏ ஆத்தா, நடுரோட்டுல இலை போட்டுப் பந்தி வைக்கப் போறியா?"

வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்தோம்.

"வலது பக்கம் பார்க்காம எப்படி உள்ள விட்ட?"

"பார்த்துட்டுத்தான விட்டேன்."

"எங்க பார்த்த?"

கையைக் காட்டினாள். இடது பக்கம், கரூர் ரோடு. "அங்க ஒண்ணுமே வரலைங்க."

திட்ட வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். முப்பத்து மூன்று வருஷம் சேலை கட்டிக்கொண்டு ஒருக்களித்து உட்கார்ந்து வந்தவள். ரெண்டு காலும் இடது பக்கம், முகமும் இடது பக்கம். அவளுக்குத் தெரிந்த ரோடே அந்தப் பாதிதான். காவிரியில் தண்ணீர் வந்ததை எனக்கு முதலில் சொல்வது அவள்தான். "ஏங்க, தண்ணி வந்துருச்சு, கலங்கலா வருது" என்று முதுகுக்குப் பின்னால் குரல் வரும். போகும்போது மேற்கே ஆறு, திரும்பும்போது கிழக்கே மலைக்கோட்டை. எந்தக் கடையில் பெயர்ப்பலகை மாற்றினான், எந்த வீட்டு வாசலில் பந்தல் போட்டிருக்கிறான், எல்லாம் சொல்லிக்கொண்டே வருவாள். நடுவில் "ஆட்டோ வருது" என்று இடுப்பில் ஒரு குத்து. குத்து விழாவிட்டால் இடது பக்கம் காலி என்று அர்த்தம்.

நானும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததே கிடையாது. எப்போதிருந்து தெரியவில்லை என்று டாக்டர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாமல் போனதே எனக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கத்துக்குத்தான் அவள் இருந்தாளே.

இதை அவளிடம் சொன்னேன். "அப்ப வலது பக்கம் பூரா நீங்களே வச்சிக்கிட்டீங்க" என்றாள்.

"இப்ப நீதான் ரெண்டையும் பார்க்கணும். உள்ள போறதுக்கு முன்னாடியே மெதுவாக்கு. முதல்ல வலது. பஸ்ஸைப் பார்த்தா போதாது, பஸ் மறைவுல ஒருத்தன் வருவான், அவனையும் பாரு. சுத்தி வெளிய திரும்புறப்ப இடது பக்கம் கண்ணாடி. கண்ணாடியை நம்பாத, கழுத்தையும் திருப்பு. ஏறு, நான் பின்னாடி இருந்து சொல்றேன்."

"வேணாம். நீங்க சொன்னா நான் பார்க்க மாட்டேன். உங்களை நம்பிட்டு உட்கார்ந்துருவேன். நீங்க இங்கேயே நில்லுங்க."

"கட்டை வச்சிக்கிட்டுத் தனியாவா?"

"மணி ஆறே முக்கால். மெஸ்காரர் உங்களுக்காக அடுப்பை அணைச்சுட்டு உட்கார்ந்திருப்பாரா?"

நான் யாரையும் நம்பி ஒன்றும் விட்டதில்லை. அன்றைக்கு விட்டேன். வண்டியை உருட்டிக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோய் எடுத்தாள். ரவுண்டானா வாசலில் வேகம் குறைந்தது. ஹெல்மெட் திரும்பியது, வலது பக்கம். ஒரு பஸ்ஸை விட்டாள். பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த பைக்கையும் விட்டாள். அதற்குப் பிறகும் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள். சிலை மறைத்ததால் கொஞ்ச நேரம் தெரியவில்லை. அப்புறம் பச்சைக் கட்டு மட்டும் பாலத்தில் ஏறுவது தெரிந்தது.

ஏழேகாலுக்கு போன் வந்தது.

"நாலு இடத்துலயும் இறக்கியாச்சு. மெஸ்ஸுல காபி குடுத்தாங்க. வீட்டுக்குப் போயிட்டீங்களா?"

"இல்ல, அங்கேயேதான் நிக்கிறேன்."

"ஏன்? நம்பிக்கை இல்லையாக்கும்?"

"திரும்பி வரணும்ல" என்றேன். "பாலத்துல இருந்து இறங்குறப்பவும் வலதுதான் முதல்ல."

சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டாள். நான் டீ சொல்லிவிட்டு, பாலம் இறங்கும் பக்கமாகப் போய் நின்றுகொண்டேன்.